டேப் ஒட்டாத பெட்டிகள்

கண்ணு,

நானும் உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதம் என்றதும் நீ பதறுவாய். போன் இருக்கும்போது அப்பன் எதற்குப் பேனாவைப் பிடித்தான் என்று என் மருமகள் அம்மிணியிடம் கேட்பாய். காரணம் இருக்கிறது. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு "ஆகட்டும் கண்ணு" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் இளகிப்போக முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். வேறு யார் கையில் கிடைத்து யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நம் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நாங்கள் சென்னைக்குக் குடிவரவில்லை.

எழுதிவிட்டேன். எழுதிய கையோடு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இனி மெதுவாகச் சொல்கிறேன், நீயும் மெதுவாகப் படி.

உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வைகாசியில் உன் கல்யாணம் முடிந்து, பந்தல்காரர்கள் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்த அன்று, நீ எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இனிமே நீங்க ரெண்டு பேரும் இங்க தனியா இருக்க வேண்டாமுங்க. எங்ககூட வந்துருங்க" என்றாயே, அந்த வார்த்தை எத்தனை அப்பன்களுக்குக் கிடைக்கும்? பின்னால் நின்ற அம்மிணியும், "ஆமாங்க மாமா, ரூம் கூட ஒதுக்கி வெச்சுட்டமுங்க" என்றாள். உன் பயமும் எனக்குத் தெரியும். தை மாதம் வீரபாண்டிப் பிரிவில் நான் ஸ்கூட்டரோடு விழுந்ததிலிருந்து உனக்குத் தூக்கம் சரியில்லை. விழுந்தேன் என்று சொல்வதே அதிகம். மணலில் வண்டி தானாகச் சாய்ந்தது, இத்தனை வருடம் சுமந்த வண்டியைத் தனியாக விடக் கூடாது என்று மரியாதைக்காக நானும் கூடவே சாய்ந்தேன். கைக்கு மாவுக்கட்டு, நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஆனால் சென்னையில் இருந்துகொண்டு அதைப் போனில் கேட்கிறவனுக்கு அது அவ்வளவுதான் இல்லை என்பது எனக்குப் புரிகிறது.

நீ அப்படிக் கூப்பிட்டதும் நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. மகனோடு போகக் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இவருக்குப் போக ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் "ஆகட்டும் கண்ணு" என்றேன். அவள் "அப்பா சொன்னாச் சரிதாஞ்சாமி" என்றாள். முடிந்தது. நம் பக்கத்து மனிதர்களின் சங்கதி உனக்குத் தெரியாததா? போன வீட்டில் காப்பி நீட்டினால், ஏற்கெனவே நாலு வீட்டில் குடித்த காப்பி தொண்டை வரை நின்றாலும், "கொஞ்சமா ஊத்துங்க" என்போமே தவிர, வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் ஒரு குடித்தனத்தையே காலி செய்யச் சம்மதித்தோம்.

சம்மதித்ததோடு நான் நிற்கவும் இல்லை. டீக்கடையில், மளிகைக்கடையில், நான் வேலை பார்த்த பழைய பனியன் கம்பெனி வாசலில், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் "பையன் கூப்பிட்டுட்டானுங்க, விட மாட்டேங்கறான்" என்று பெருமை அடித்தேன். மங்கலத்தில் என் தங்கை கோழி அடித்து விருந்து வைத்தாள். சோமனூரில் உன் பெரியம்மா, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அழுது, உன் அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். விடைபெறப் போன வீடுகளில் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டாகிவிட்டது. இப்போது இந்த ஊரிலேயே எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்பதுதான் என்னுடைய ஒரே கவலை.

ஆடியில் வீடு மாறக் கூடாது, ஆவணியில் லாரி பேசிக்கொள்ளலாம், அதற்குள் சாமான் கட்டிவிடலாம் என்று முடிவானது. சாமான் கட்டுவது என்றால் உன் அப்பனுக்குச் சொல்லவா வேண்டும்? கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் தலை நரைத்தவன். பழைய கம்பெனியில் சொல்லி, ஏற்றுமதிக்கு வந்து மிஞ்சிய நல்ல கெட்டி அட்டைப்பெட்டிகளாக வாங்கி வந்தேன். கூடத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் 'சமையல்', 'பூஜை', 'துணி' என்று மார்க்கரில் எழுதினேன். உன் அம்மாவும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் அல்லவா, மடித்துக் கொடுக்கக் கொடுக்க நான் அடுக்கினேன். ஒரு இடுக்கு விடாமல் அடுக்கினேன். ஆனால் டேப் மட்டும் ஒட்டவில்லை. நம் தொழிலில் அது சட்டம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருடைய ஆள் வந்து பெட்டியைக் கலைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் டேப். அதற்கு முன்னால் ஒட்டினால், திரும்பக் கிழிக்க வேண்டி வரும், பெட்டியும் பாழ். "டேப்பு கடைசில ஒட்டிக்கலாம்" என்றேன். "அது தெரியாதுங்களா எனக்கு" என்றாள். உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் அன்றைக்கே ஒட்டி முடித்திருப்பார்கள். எங்கள் பெட்டிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கூடத்தில் நின்றன.

பெட்டி கட்டி முடிந்ததும் இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. உன் அம்மாதான் சொன்னாள், "ஊரை உட்டுப் போறதுக்குள்ள நம்மூர ஒருக்காச் சுத்திப் பாத்துருவமுங்களா? இங்கயே இருந்தோம், ஒண்ணும் பாக்கலீங்க." அது உண்மை. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ நாலாவது படிக்கும்போது பவானிசாகர் அணைக்குப் புறப்பட்டோமே. கம்பெனி டிரைவர் வேனில் துரத்தி வந்து, அவிநாசியில் பஸ்ஸை மடக்கி, "பொட்டி நம்பரெல்லாம் மாறிப்போச்சுங்கண்ணா, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று என்னை மட்டும் இறக்கிக்கொண்டு போனான். நீங்கள் இரண்டு பேரும் அணையைப் பார்த்து மீனும் தின்றுவிட்டு வந்தீர்கள். நான் பெட்டிகளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் உன் அம்மா, "வர்றேன், வேனு பின்னாடி வருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள்.

முதலில் நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை. பொழுதன்னைக்கும் ஞாயிறு மட்டுமே லீவு கண்ட இரண்டு பேருக்கு, செவ்வாய்க்கிழமை காலையில் வெளியே சுற்றுவது ஏதோ தப்புச் செய்வது போல் இருந்தது. தெருவில் கம்பெனி வேன் ஒன்று எதிரே வந்ததும் நான் என்னை அறியாமல் கடை ஓரமாக ஒதுங்கினேன். உன் அம்மா, "ஏனுங்க, உங்கள யாரு புடிச்சுட்டுப் போறாங்க இனிமே? வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நடுத்தெருவில் அவள் என் கையைப் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. "நீங்க காசு குடுத்து வர்றவிய, நான் கவர்மெண்டு விருந்தாளி. சன்னல் சீட்டு எனக்குத்தான்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. இத்தனை வருடம் நான் இரவு வேலை, அவள் பகல் வேலை. அவள் பகல் வேலை முடிந்து வந்தால் நான் கிளம்புகிற நேரம். பேசியதெல்லாம் பால், ரேஷன், உன் பள்ளிக்கூடம். குளத்துக் கரையில் உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு ஆட்கள் போலத்தான் இருந்தோம். ஆடிக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு கறுப்புப் பறவை மரக்கட்டையில் ஏறி நின்று இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. உன் அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "சாயப்பட்டறையில வேலை பாத்திருக்குமாட்ட இருக்குதுங்க, காயப்போட்டுட்டு நிக்குது" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தாடையில் பை தொங்குகிற பெரிய பறவை ஒன்று நீரில் மிதந்து வந்தது. "அது நம்ம மேனேஜருங்க" என்றாள். பிறகு அந்தக் குளத்தில் இருந்த பறவைகளுக்கெல்லாம் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஆள் கிடைத்தது. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழுந்தோம். உன் அம்மாவுக்கு இவ்வளவு குறும்பு உண்டு என்பதைக் கட்டிக்கொண்ட எனக்கு அறுபது தாண்டித்தான் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

அப்புறம் வியாழக்கிழமை அவிநாசிக் கோயில். கூட்டம் இல்லாத கோயிலில் நாங்கள் சாமி கும்பிட்டதே இல்லை. கல் மண்டபத்தில் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்தோம். அடுத்த வாரம் காலைக் காட்சி சினிமா. நான் தூங்கிவிட்டேன், அவள் வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் சொன்னாள், படத்தைவிட அது நன்றாக இருந்தது. ஊத்துக்குளிக்கு ரயிலில் போய் வெண்ணெய் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வந்தோம். எங்கே போனாலும் கிளம்பும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "போறதுக்குள்ள ஒருக்கா." ஒருக்கா என்று போன குளத்துக்கே நாலு தடவை போய்விட்டோம்.

இங்கேதான் ஒரு பயம் வந்து சேர்ந்தது. இதை உனக்குச் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் குளித்துவிட்டு வருகிறேன், இட்லிக் குண்டா அலமாரியில் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்தவன் நான். என் கையால் வைத்து, ஆடாமல் இருக்கத் துண்டைச் சுற்றியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைக்கவே இல்லையோ? இரண்டு நாள் கழித்து ஊறுகாய் ஜாடி. அப்புறம் அவளுடைய தலையணை. நெற்றியில் பட்ட அடி உள்ளே ஏதோ பண்ணிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். மறதி வந்தவனை உன் அம்மா தலையில் கட்டிவிட்டு இங்கே உட்கார முடியுமா? சென்னைக்குப் போவதுதான் சரி, மகன் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் துணை என்று மனதைத் தேற்றினேன். தேற்றிக்கொண்டேதான், அவள் கோலம் போடப் போன நேரம் பார்த்து, என் ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுத்து, பழைய ஆணிக்குக் கீழே பழைய இடத்திலேயே வைத்தேன். முதலில் பாட்டுக் கேட்கத்தான் எடுத்தேன். பிறகு ஸ்க்ரூடிரைவர் பெட்டி, வெற்றிலைத் தட்டம், உன் பள்ளிக்கூடப் போட்டோ. அவை இடத்தில் இல்லாத சுவரைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் லாரிக்காரர் சாமானைப் பார்த்து வாடகை சொல்ல வந்தார். கூடவே தூக்குகிற ஆள் ஒருவர், பீகார்க்காரர்.

"சாமானெல்லாம் எங்கீங்க அய்யா?"

"இதா, இந்தப் பொட்டிகதானுங்க. எல்லாங் கட்டி ரெடியா இருக்குதுங்க" என்றேன், பேக்கிங் செக்‌ஷன் மிடுக்கு குறையாமல்.

பீகார்க்காரர் 'சமையல்' என்று எழுதிய பெட்டியைத் தூக்கக் குனிந்து, கனமாக இருக்கும் என்று காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். பெட்டி அவர் நெஞ்சுக்கு மேலே பறந்தது. அவர் பின்னால் இரண்டடி போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். நான் சுற்றி வைத்த துண்டு மட்டும் கிடந்தது.

லாரிக்காரர் 'துணி'யைத் தூக்கினார். அதுவும் காலி. 'பூஜை'யைத் தூக்கினார். உள்ளே ஒரே ஒரு சூடத் தட்டு உருண்டது.

"ஏனுங்கம்மா, சென்னைக்குக் காத்தவா ஏத்திட்டுப் போறோம்?" என்றார்.

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இட்லிக் குண்டாவ நீயா எடுத்த?"

"ரேடியோவ நீங்களா எடுத்தீங்க? அய்யோ சாமி, எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னல்ல நெனச்சேன்! இதைய நாமதான உள்ள வெச்சோம், வெச்சோமான்னு ஒரு வாரமா மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டேன். உங்ககிட்டச் சொன்னா பயந்துக்குவீங்கன்னு கம்முனு இருந்தனுங்க."

"நானும் அதையேதான் நெனச்சேன் புள்ளை. உழுந்ததுல மண்டைக்குள்ள என்னமோ ஆயிப்போச்சுன்னு."

அவள் அப்படியே காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பெட்டி அமுங்கியது. சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான். லாரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பேசி முடிவு பண்ணிப்போட்டுப் போன் பண்ணுங்கய்யா" என்று நாசூக்காக நகர்ந்தார். அவர்களுக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

அவர்கள் போன பிறகு, "அப்போ நீங்க சென்னைக்குப் போகோணும்னு ஆசைப்படலீங்களா?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான் ஆசைன்னு நெனச்சேன். அன்னிக்கு அழுதியே."

"போகோணுமேன்னு அழுதனுங்க. நீங்கதான் டீக்கடையெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. அவ்வளவு ஆசையா இருக்கறவரை எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு கம்முனு இருந்தேன்."

கண்ணு, எனக்கு அப்போது இருந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஷிப்மெண்ட் கப்பல் ஏறிவிட்டது என்று செய்தி வந்த மறுநாள் காலையில் தூங்குவோமே, அந்தத் தூக்கம் மாதிரி. இரண்டு மூளையும் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. அதுவும் இத்தனை வருடம் மாறி மாறி ஷிப்ட் பார்த்ததில் கிடைக்காத ஒரு பெண்பிள்ளை, இப்போதுதான் எனக்குப் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் வீட்டுக்கு வந்தால் அவள் சமையலறையிலும் நான் டிவி முன்னாலும் உட்கார்ந்துவிடுவோம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, அடுக்குமாடியில் பதினோரு மணிக்கு நாங்கள் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்வோம். அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். அதுதான் எனக்குப் பயம்.

உன் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அதை ஏமாற்ற மாட்டேன். ஸ்கூட்டரை விற்றுவிட்டேன், இனி பஸ்தான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சிவகங்கைக்காரப் பெண்ணிடம் ஒரு சாவி இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்காவிட்டால், "அண்ணே, என்ன இன்னும் எந்திரிக்கலையா?" என்று அவள் தட்டுகிற தட்டில் பிணமும் எழுந்து உட்காரும். மூளை சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடமும் காட்டிவிட்டேன், நீ கேட்பாய் என்று. சிரித்துவிட்டு, நடக்கச் சொன்னார். ஒரு நாள் கை கால் ஓயும், அன்றைக்கு நாங்களே கேட்போம். அப்போது மரியாதைக்காக அல்ல, வேண்டும் என்றுதான் கேட்போம். அன்றைக்கு நீ தயங்காமல் வர வேண்டும். அது வரைக்கும் நாங்கள் உன் வீட்டுக்கு விருந்தாளி. தீபாவளிக்கு வருகிறோம், வந்தால் பத்து நாள் இருந்து அம்மிணியின் கைச்சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவோம்.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் அப்பன் ஆகிவிட்டேன், ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அம்மிணியிடம் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்" சொல்லாதே. அவள் முகத்தைப் பார்த்து நீயாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதே, கேள். அவள் பெரியவர்கள் முன்னாலும் வெடுக்கென்று பேசுகிறாள் என்று கல்யாணத்தில் நாலு பேர் சொன்னார்கள். பேசட்டும். பேசுகிற வீட்டில் சாமான் தானாக இடம் மாறாது. வேலை இருக்கத்தான் செய்யும், வேன் துரத்தி வரத்தான் செய்யும், இருந்தாலும் வேலை நாளில் ஒரு நாள் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் போய் உட்கார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே உண்டு. செவ்வாய்க்கிழமைதான் உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கிடைக்கும்.

கடிதத்தைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வந்தால் அடக்க வேண்டாம், நன்றாகக் கோபப்படு. போனில் கோபப்பட்டாலும் சரி, நேரில் வந்து சண்டை போட்டாலும் சரி. நேரில் வருவதாக இருந்தால் மட்டும் ஒன்று செய். செவ்வாயும் வியாழனும் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். போன் பண்ணிக் கேட்டுவிட்டு வா.